பல்சக்கரம் முதல் பேனல் போர்டு வரை: குன்னூரில் டெக்னீஷியன் ஆக விரும்புவோருக்கு

காலை 7.10 மணிக்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் மலை ரயில், கல்லாறைத் தாண்டியதும் நடையை மாற்றிக்கொள்கிறது. அதுவரை மற்ற ரயில்களைப் போலத் தண்டவாளத்தில் ஓடி வந்த இன்ஜின், நடுவே பதித்திருக்கும் பல்சட்டத்தில் தன் பல்சக்கரத்தைக் கோத்துக்கொண்டு, பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளியபடி மணிக்கு 13 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத் தொடங்குகிறது. ஏறக்குறைய 12 அடி நகர்ந்தால் ஓர் அடி உயரும் ஏற்றம் அது. குன்னூர் வந்ததும் நீராவி இன்ஜின் ஒதுங்கிக்கொள்ள, உதகை வரை இழுத்துப்போக டீசல் இன்ஜின் வந்து சேரும். பயணிகள் டீ குடிக்க இறங்கும் அந்த இடைவேளையில் ஒரு சிலர் மட்டும் இன்ஜின் பக்கமே நிற்பார்கள். எங்கே சூடு ஏறியிருக்கிறது, எங்கே எண்ணெய் வற்றியிருக்கிறது, எந்தச் சத்தம் நேற்று இல்லாதது என்று அவர்கள் கண்ணும் காதும் தேடிக்கொண்டிருக்கும்.

டெக்னீஷியன் வேலை எப்படிப்பட்டது என்று பள்ளி மாணவருக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் நீலகிரியில் இல்லை.

டெக்னீஷியன் என்பவர் யார்?

தேயிலையை உலர்த்தும் ஒரு டிரையரை எந்த அளவில் செய்வது, எத்தனை குதிரைத்திறன் மோட்டார் போடுவது என்று கணக்கிட்டு வரைபடம் தருபவர் பொறியாளர். அந்த டிரையரை தினமும் இயக்குபவர் ஆபரேட்டர். இவர்கள் இருவருக்கும் நடுவில் இருப்பவர்தான் டெக்னீஷியன். வரைபடத்தைப் படித்து இயந்திரத்தைப் பொருத்துவதும், அளவு பார்த்துச் சரிசெய்வதும், கோளாறு வந்தால் காரணத்தைக் கண்டுபிடிப்பதும், மறுபடி வராமல் தடுப்பதும் அவர் பொறுப்பு. பொறியாளரின் மொழியும் அவருக்குப் புரிய வேண்டும், ஆபரேட்டரின் அனுபவத்துக்கும் அவர் காது கொடுக்க வேண்டும்.

நம் ஊரில் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், மெக்கானிக், ஜூனியர் இன்ஜினியர் என்று பல பெயர்களில் இவர்களை அழைக்கிறோம். பிரிட்டனில் ‘எஞ்சினியரிங் டெக்னீஷியன்’ என்பது பதிவு பெற்றவர்கள் மட்டும் போட்டுக்கொள்ளக்கூடிய தனித் தகுதி. டெக்னீஷியன் படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று அங்கீகரிக்க 2002இல் டப்ளின் உடன்படிக்கை என்ற ஒப்பந்தமே ஏற்பட்டது. பொறியியல் பட்டம் கிடைக்காதவர்கள் வந்து ஒதுங்கும் இடம் என்ற எண்ணம் இங்கே இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அதை முதலில் கைவிட வேண்டும். இது தனக்கென்று அறிவும் ஒழுங்கும் கொண்ட தனித்தொழில்.

முதல் வகுப்பறை: லோகோ ஷெட்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலான பாதை 1899இல் திறக்கப்பட்டது. 1908இல் உதகை வரை நீண்டது. மொத்தம் 46 கிலோமீட்டர், 16 சுரங்கங்கள், 208 வளைவுகள், 250 பாலங்கள். 2005இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இதில் ஓடும் ‘எக்ஸ்’ வகை இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் 1914 முதல் செய்யப்பட்டவை. அவற்றுக்கு நான்கு சிலிண்டர்கள். இரண்டு, சாதாரணச் சக்கரங்களை ஓட்டுகின்றன. மற்ற இரண்டு பல்சக்கரங்களை ஓட்டுகின்றன. சமதளத்தில் முதல் இரண்டு மட்டும் வேலை செய்யும். ஏற்றம் வந்ததும், அவற்றில் ஒரு முறை உழைத்து வெளியேறும் நீராவியே அடுத்த இரண்டுக்குள் போய் மறுபடி உழைக்கும். ஒரே நீராவியை இரு முறை பயன்படுத்தும் ஏற்பாடு இது. பல்சட்டமும் இரட்டைச் சட்டம். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வருமாறு பதித்திருப்பதால், எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல் பிடியில் இருந்துகொண்டே இருக்கும். ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் யோசனை இது.

இவ்வளவு பழைய இன்ஜினுக்குக் கடையில் உதிரிபாகம் கிடைக்காது. தேய்ந்த பாகத்தை அளந்து, வரைந்து, உலோகத்தைத் தேர்ந்தெடுத்து, லேத்தில் கடைந்து புதிதாகச் செய்துதான் ஆக வேண்டும். அந்தத் திறமை தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. திருச்சி பொன்மலைப் பணிமனை 2011 முதல் எண்ணெயில் எரியும் புதிய ‘எக்ஸ்’ வகை இன்ஜின்களைச் செய்து குன்னூருக்கு அனுப்பியது. 2021இல் நிலக்கரியில் இயங்கும் இன்ஜின் ஒன்றையும் செய்து முடித்தது. நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு வடிவமைப்பை இங்கே ஃபிட்டர்களும் டர்னர்களும் வெல்டர்களும் சேர்ந்து மறுபடி உயிரோடு நிறுத்தியிருக்கிறார்கள். ஃபிட்டர் டிரேடு காலாவதியாகிவிட்டது என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு இந்த இன்ஜினைக் காட்டலாம்.

இரண்டாம் வகுப்பறை: தேயிலைத் தொழிற்சாலை

நீலகிரியில் டெக்னீஷியனுக்கு மிக அருகில் இருக்கும் வேலைக்களம் தேயிலைத் தொழிற்சாலைதான். தனியார் தொழிற்சாலைகள் ஒரு பக்கம். சிறு விவசாயிகளின் கொழுந்தை வாங்கி அரைக்கும் கூட்டுறவுத் தொழிற்சாலைகள் இன்னொரு பக்கம். கூட்டுறவு ஆலைகளின் இணையமான இன்கோசர்வ், அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ, 1893இல் தொடங்கிய தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசி ஆகிய மூன்றுக்கும் தலைமையிடம் குன்னூரே.

பச்சைக் கொழுந்து தூளாக மாறும் வழியில் எத்தனை இயந்திரங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால், டெக்னீஷியனின் ஒரு நாள் புரியும். முதலில் வாடவைக்கும் நீண்ட தொட்டிகள். அடியிலிருந்து விசிறி காற்றை ஊதும். பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாக இலை ஈரத்தை விட்டுத் துவளும். பிறகு இலையை முதற்கட்டமாக நசுக்கும் ரோட்டர்வேன், அதன்பின் சிடிசி. நசுக்கி, கிழித்து, சுருட்டும் இந்த இயந்திரத்தை 1930களின் தொடக்கத்தில் அசாமில் வில்லியம் மெக்கர்ச்சர் உருவாக்கினார். பல் வெட்டிய இரண்டு ரோலர்கள் எதிரெதிராகச் சுழலும். ஒன்று மெதுவாக, மற்றது அதைப்போல் பத்து மடங்கு வேகத்தில். அந்த வேக வித்தியாசத்தில்தான் இலை கிழிகிறது. அடுத்து நொதிக்கும் பகுதி, பிறகு சூடான காற்று வீசும் டிரையர், கடைசியில் நார் பிரித்துத் தூளைத் தரம் பிரிக்கும் சல்லடைகள். டிரையரிலிருந்து வெளியே வரும் தூளில் ஈரப்பதம் சுமார் 3 சதவீதம்தான் இருக்க வேண்டும்.

இப்போது ஒரு கோளாறை எடுத்துக்கொள்வோம். சிடிசியிலிருந்து வரும் இலைத்தூள் கையில் வழக்கத்தைவிடச் சூடாக இருக்கிறது, வெட்டும் கரடுமுரடாக இருக்கிறது. அனுபவமில்லாதவர் உடனே மோட்டாரைச் சந்தேகிப்பார். தேர்ந்த டெக்னீஷியன் வரிசையாகப் போவார். ரோலரின் பல் மழுங்கியிருக்கிறதா? பல்லை மறுபடி கூர்மையாக்கக் கடைசியாக எப்போது மில்லிங் போட்டார்கள்? இரண்டு ரோலருக்கும் இடைவெளி ஒரு முனையில் கூடி மறுமுனையில் குறைந்திருக்கிறதா? பேரிங்கில் சூடா? பெல்ட் நழுவி வேக விகிதம் மாறிவிட்டதா? இவை எல்லாம் சரியென்றால், வாடல் அளவில் இன்று என்ன மாற்றம் என்று டீ மேக்கரிடம் கேட்பார். மழுங்கிய பல் இலையை வெட்டாமல் தேய்க்கும். தேய்த்தால் சூடு ஏறும். சூடு ஏறினால் டீயின் நிறமும் சுவையும் கெடும். ஏலத்தில் விலை இறங்கும். ஒரு ரோலரின் கூர்மை கடைசியில் கொழுந்து பறித்து அனுப்பிய விவசாயியின் வருமானம் வரை போய்த் தொடுகிறது.

மின்சாரத்திலும் இதே ஒழுங்குதான். மழைக்காலத்தில் மரம் விழுந்து ஒரு ஃபேஸ் மட்டும் போனால், மீதி இரண்டில் இழுத்துக்கொண்டு ஓடும் மோட்டார் காயில் எரிந்துவிடும். இதைத் தடுக்கும் பிரிவென்டர் பேனலில் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று மழைக்கு முன்பே சோதித்துவைப்பவருக்குச் சம்பளம் கொடுப்பது முதலாளிக்கு லாபம்.

இன்னும் மூன்று வாசல்கள்

குன்னூரை ஒட்டிய அருவங்காட்டில் உள்ள கார்டைட் தொழிற்சாலை 1900களின் தொடக்கத்தில் அமைந்தது. காட்டேரி நீர்வீழ்ச்சியிலிருந்து எடுத்த மின்சாரம் அதற்குப் பயன்பட்டது. 2021 அக்டோபர் 1 முதல் அது முனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்திருக்கிறது. வெடிமருந்து செய்யும் இத்தகைய ஆலைகளில் ‘அட்டெண்டன்ட் ஆபரேட்டர் கெமிக்கல் பிளான்ட்’ என்ற டிரேடுக்குத் தனி மதிப்பு உண்டு. இது பலருக்குத் தெரியாத டிரேடு என்பதால் போட்டியும் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் அளவுக்கு இருப்பதில்லை.

குன்னூரில் 1907இல் தொடங்கிய பாஸ்டர் இன்ஸ்டிடியூட் தடுப்பூசி தயாரிக்கும் மத்திய அரசு நிறுவனம். பெரும்பாலான தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். குளிர் அறை, சுத்தமான காற்றை அனுப்பும் ஏற்பாடு, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் ஆகியவை இல்லாமல் இந்தத் தொழில் நடக்காது. ரெஃப்ரிஜிரேஷன், ஏசி டெக்னீஷியன் டிரேடு படித்தவர் வீட்டு ஃப்ரிட்ஜோடு நின்றுவிட வேண்டியதில்லை என்பதற்கு இது உதாரணம்.

மூன்றாவது நீர்மின்சாரம். பைக்காரா மின்நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியது. 3,000 அடிக்கும் மேலான உயரத்திலிருந்து குழாயில் இறங்கும் நீர் டர்பைனைச் சுழற்றுகிறது. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடு உருவான குந்தா மின்திட்டம் 1960களின் தொடக்கத்திலிருந்து மின்சாரம் தருகிறது. அங்கேயே 500 மெகாவாட் நீரேற்று மின்திட்டமும் கட்டப்படுகிறது. ஒரு டர்பைன் பல ஆண்டுகள் ஓடும். அத்தனை ஆண்டும் அதைப் பராமரிக்கும் ஆட்கள் தேவை.

எந்தப் படிப்பு? எவ்வளவு காலம்?

பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு இரண்டு நேர்வழிகள் இருக்கின்றன. ஒன்று ஐடிஐ. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், டர்னர், மெஷினிஸ்ட் ஆகியவை இரண்டு ஆண்டு; வெல்டர் ஓராண்டு. நீலகிரியில் குன்னூரிலும் கூடலூரிலும் அரசு ஐடிஐக்கள் இருக்கின்றன. கட்டணமில்லாப் பயிற்சியோடு மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் கிடைக்கின்றன. மற்றொன்று பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமோ. அரசுப் பாலிடெக்னிக் உதகையில் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். கல்லூரிப் பட்டப்படிப்புக்கு மட்டும்தான் என்று நினைத்துப் பலர் கேட்காமலே விடுகிறார்கள். ஐடிஐக்கும் டிப்ளமோவுக்கும் இது உண்டு.

இரண்டில் எது என்று குழம்புகிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளலாம்: ஐடிஐயில் நுழைந்தால் மேலே போகும் கதவு அடைபடுவதில்லை. இரண்டாண்டு ஐடிஐ முடித்தவர் டிப்ளமோவின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பொறியியல் பட்டத்தின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். கையில் கருவி பிடித்துப் பழகிய பிறகு புத்தகத்தில் படிக்கும் சூத்திரம் வேறு விதமாகப் புரியும். குடும்பச் சூழல் காரணமாகச் சீக்கிரம் சம்பாதிக்க வேண்டியவருக்கு ஐடிஐ சிறந்தது. மூன்றாண்டு படிக்க முடிந்தவர், ஜூனியர் இன்ஜினியர் நிலையிலேயே தொடங்க நினைப்பவர் டிப்ளமோவுக்குப் போகலாம்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் விட்டுவிடக் கூடாதது அப்ரென்டிஸ் பயிற்சி. 1961ஆம் ஆண்டின் பயிற்சியாளர் சட்டப்படி ஆலைகள் உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி தருகின்றன. தெற்கு ரயில்வே பொன்மலை, போத்தனூர், பெரம்பூர் பணிமனைகளுக்கு எழுத்துத் தேர்வு இல்லாமல், பத்தாம் வகுப்பு, ஐடிஐ மதிப்பெண்களை வைத்தே அப்ரென்டிஸ்களை எடுக்கிறது. ரயில்வேயில் இந்தப் பயிற்சியை முடித்தவர்களுக்கு அடிப்படை நிலையான லெவல் 1 பணியிடங்களில் 20 சதவீதம் ஒதுக்கீடு உண்டு. ஆகவே ஐடிஐ தேர்வில் வாங்கும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் பின்னால் பலன் தரும். பாஸானால் போதும் என்று படிப்பவர் இந்த வாய்ப்பை இழக்கிறார்.

நிரந்தர வேலைக்கான தேர்வுகளில் ரயில்வே டெக்னீஷியன், உதவி லோகோ பைலட் பணிகளுக்கு ஐடிஐ போதும். ஜூனியர் இன்ஜினியருக்கு டிப்ளமோ வேண்டும். லோகோ பைலட் ஆக விரும்புகிறவர் கோச்சிங்குக்குப் பணம் கட்டுவதற்கு முன் கண்ணைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. கண்ணாடி இல்லாத தெளிவான பார்வையும், நிறம் பிரித்தறியும் திறனும் அங்கே கட்டாயம். மாநில அரசுப் பணிகளுக்கு டிஎன்பிஎஸ்சி நடத்தும் ஒருங்கிணைந்த தொழில்நுட்பப் பணிகள் தேர்வில் ஐடிஐ, டிப்ளமோ நிலைக்கென்று தனித் தேர்வு இருக்கிறது.

கைக்கு வர வேண்டிய ஐந்து பழக்கங்கள்

முதலாவது அளப்பது. சாதாரண வெர்னியர் 0.02 மில்லிமீட்டரும், மைக்ரோமீட்டர் 0.01 மில்லிமீட்டரும் காட்டும். ஒரே பாகத்தை மூன்று முறை அளந்து மூன்று முறையும் ஒரே அளவு வரும்வரை பழக வேண்டும். மல்டிமீட்டருக்கும் இதுவே விதி.

இரண்டாவது வரைபடம் படிப்பது. ஐடிஐயில் பலர் வெறுக்கும் பாடம் இன்ஜினியரிங் டிராயிங். பணிமனையில் அதுவே பேச்சுமொழி.

மூன்றாவது எழுதி வைப்பது. எந்தத் தேதியில் எந்த பேரிங் மாற்றப்பட்டது, அதன் எண் என்ன, எத்தனை மணி நேரம் ஓடியது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் பதிவு செய்யும் பழக்கம் முதல் மாதத்திலேயே வர வேண்டும். அடுத்த முறை கோளாறு வரும்போது அந்தப் பக்கம்தான் முதலில் கைகொடுக்கும்.

நான்காவது பாதுகாப்பு. சுழலும் ரோலரில் ஒட்டிய இலையைக் கையால் எடுக்கப் போய் விரலை இழக்க ஒரு நொடி போதும். இயந்திரத்தில் கை வைக்கும் முன் மெயினை அணைத்து, ஃபியூஸைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ‘ஆள் வேலை செய்கிறார்’ என்ற அட்டையைத் தொங்கவிட வேண்டும். அவசரம் என்று மேலாளர் கத்தினாலும் இந்த வரிசையை மாற்றக் கூடாது. தளர்ந்த சட்டைக் கை, துப்பட்டா, மஃப்ளர் ஆகியவற்றுக்கு மெஷின் பக்கம் இடமில்லை. மலைக் குளிரில் வேலை செய்கிறவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

ஐந்தாவது ஆங்கிலக் கையேட்டைப் படிப்பது. சரளமாகப் பேச வேண்டும் என்பதில்லை. இயந்திரத்தோடு வரும் புத்தகத்தில் ‘கோளாறும் தீர்வும்’ பக்கத்தை அகராதியின் உதவியோடாவது படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்தால் போதும்.

மூடிய ஆலை சொல்வது

உதகையில் 1960இல் உருவான இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் செய்த பொதுத்துறை ஆலை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதை நம்பி வாழ்ந்தன. இந்து நகர் என்ற பெயரே அதனால் வந்தது. நஷ்டம் 1990களிலேயே தொடங்கிவிட்டது. பிறகு டிஜிட்டல் கேமரா வந்து ஃபிலிமின் தேவையையே குறைத்துவிட, ஆலை மூடப்பட்டது. அங்கே வேலை செய்தவர்களின் உழைப்பில் குறையில்லை. அவர்கள் செய்த பொருளை உலகம் வாங்குவதை நிறுத்திவிட்டது.

இளம் டெக்னீஷியன் இதை மனத்தில் இருத்த வேண்டும். ஃபிலிமுக்கு ரசாயனம் பூசும் இயந்திரத்தை மட்டும் தெரிந்தவருக்கு வேறு ஆலையில் இடம் கிடைப்பது கடினம். அதே இயந்திரத்தின் மோட்டார், பம்ப், வெப்பக் கட்டுப்பாடு, காற்றழுத்த அமைப்பு ஆகியவற்றைப் புரிந்துகொண்டவர் தடுப்பூசி ஆலைக்கும் போகலாம், தேயிலை ஆலைக்கும் போகலாம். கேத்தியில் 1949 முதல் இயங்கும் நீடில் இண்டஸ்ட்ரீஸ் ‘போனி’ ஊசிகளைச் செய்கிறது. ஊசி சின்னப் பொருள்தான். ஆனால் கம்பியை நேராக்கி, வெட்டி, காது துளைத்து, கூர்தீட்டும் வேலைக்கு வேண்டிய டூல் அண்ட் டை அறிவு வாகன உதிரிபாக ஆலையிலும் அப்படியே செல்லும்.

ஆகவே வேலைக்குச் சேர்ந்த பின்னும் ஆண்டுக்கு ஒரு புதிய திறனைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். எலக்ட்ரீஷியன் என்றால் இயந்திரங்களைத் தானாக இயக்கும் பிஎல்சி, மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ். ஃபிட்டர் என்றால் ஹைட்ராலிக்ஸ், சிஎன்சி. தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐக்களை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து நவீனமாக்கும் திட்டத்தில் ரோபாட்டிக்ஸ், சிஎன்சி போன்ற பிரிவுகள் வந்திருக்கின்றன. மலையில் படிப்பை முடித்தவர் ஓராண்டு கோயம்புத்தூரின் பம்ப், மோட்டார் ஆலைகளில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பினாலும் பெரிய லாபம்தான்.

சேரும் முன் செய்ய வேண்டியது

ஐடிஐ சேர்க்கை பத்தாம் வகுப்பு முடிவை ஒட்டி இணையவழியில் நடக்கிறது. விண்ணப்பிக்கும் முன் மாணவரும் பெற்றோரும் ஒரு வேலைநாளில் அந்த நிலையத்துக்கு நேரில் போக வேண்டும். பணிமனையில் லேத்துகள் ஓடுகின்றனவா, ஒரு பெஞ்சுக்கு எத்தனை பேர், கடந்த ஆண்டு முடித்தவர்கள் எங்கே அப்ரென்டிஸாகச் சேர்ந்தார்கள் என்ற மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். பிறகு ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் அனுமதி வாங்கி, ஒரு ஷிஃப்ட் முழுவதும் மெக்கானிக்கின் பக்கத்தில் நின்று பாருங்கள். இரைச்சலும் சூடும் எண்ணெய்க் கறையும் சேர்ந்த அந்த எட்டு மணி நேரத்துக்குப் பிறகும் அடுத்த நாள் போய்ப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைக்குத் தோன்றினால், விண்ணப்பத்தில் முதல் விருப்பமாக அந்த டிரேடையே எழுதுங்கள்.